போ, ஆனால் விசாரித்துப் போ

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு நின்ற நிலையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபீஸில் மீட்டிங் என்றாலே வயிறு கலங்குகிறது, பஸ் ஏறும் முன்பே வழியில் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறாய். டாக்டர் ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டும் முழுசாகக் கேட்கவில்லை. உன் தோழி ஹிப்னோதெரபி பார்க்கச் சொல்கிறாள். உன் அம்மாவோ "வசியம் கிசியம் எல்லாம் நமக்கு வேண்டாம்" என்கிறாள்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. மேடையில் ஒரு ஆளைக் கண்ணை மூட வைத்துக் கோழி மாதிரி கொக்கரிக்க விட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சிகிச்சை அறையில் அந்தக் கூத்து கிடையாது. நீ தூங்கிப் போக மாட்டாய், நினைவும் தப்பாது. மேலே மின்விசிறி சுற்றுவதும் தெருவில் ஆட்டோ போவதும் காதில் விழும். பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம். கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்; அந்த நேரத்தில் சொல்லும் சொல் உடம்பில் சீக்கிரம் பிடிக்கும்.

இதில் மந்திரம் இல்லை என்பது 1784-லேயே பாரிஸில் முடிவான விஷயம். இந்த முறைக்கு முன்னோடியான மெஸ்மர் என்ற வைத்தியர், கண்ணுக்குத் தெரியாத காந்தத் திரவம் ஒன்று தன் வழியாக நோயாளிக்குள் பாய்கிறது என்று சொல்லி ஊரையே கூட்டினார். மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியே போன்ற விஞ்ஞானிகள் அதில் இருந்தார்கள். சோதித்துப் பார்த்து, திரவம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். மெஸ்மர் பொய்யர் என்பதோடு பலர் அதை மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. வைத்தியர் விரலில் ஒன்றும் இல்லை. வேலை செய்தது நோயாளியின் மனசு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஊசி போடப் போகும் பிள்ளையிடம் "வலிக்கும், பொறுத்துக்கோ" என்றால் ஊசி தொடும் முன்பே கையை இறுக்கிக்கொண்டு அழும். "பிறந்தநாள் கேக்கில மெழுகுவத்தி இருக்கு, ஊது பாப்போம்" என்றால் உதட்டைக் குவித்து ஊதும்; அதற்குள் ஊசி ஏறி இறங்கிவிடும். மருந்து அதேதான், ஊசியும் அதேதான்.

உன் வயிற்றுக்கு வருவோம். ஐ.பி.எஸ்.ஸில் குடலில் புண் இல்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் என்ற மருத்துவர், எதற்கும் அடங்காத ஐ.பி.எஸ். உள்ள 30 பேரை வைத்துச் செய்த ஆய்வை 1984-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஹிப்னோதெரபி எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இன்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, 12 மாதம் மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. சிகிச்சையில் செய்வது எளிமையான காரியம்தான். மூச்சை நிதானமாக்கி, உள்ளங்கையை வயிற்றில் வைத்து, அந்தச் சூடு உள்ளே இறங்குவதாக உணரச் சொல்வார்கள். குடலைச் சீராக ஓடும் ஆறாக நினைக்கச் சொல்வார்கள். வாரம் ஒரு முறையாகச் சில மாதம் போக வேண்டியிருக்கும்; வீட்டிலும் தினமும் பழக வேண்டும். பழகாவிட்டால் பாட்டு கிளாஸுக்குப் போய்ச் சாதகம் பண்ணாத கதைதான். எல்லோருக்கும் ஒரே அளவில் பிடிப்பதும் இல்லை. பிடிக்காவிட்டால் அது உன் குறை என்று நினைக்காதே.

ஆனால் நீ அனுப்பிய அந்த விளம்பரம் வேறு சங்கதி. இரண்டு நாளில் ஆழ்மனதையே மாற்றி எழுதுகிறார்களாம்; தன்னம்பிக்கை, கல்யாணம், சம்பளம் எல்லாம் கூடுமாம். வயிற்றுவலி குறையும், படபடப்பு தணியும், வலியைத் தாங்கும் தெம்பு வரும்: இவ்வளவுக்கு ஆதாரம் உண்டு. சிகரெட்டை விடுவதற்குக்கூட இது மற்ற வழிகளைவிட மேல் என்று உறுதியாகவில்லை. மனப்போக்கு மாறும்; ஆனால் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது மாறாது. தைரியம் கொஞ்சம் வந்ததும் மீட்டிங்கில் வாயைத் திறந்து பேசுகிறாயே, அங்கேதான் மாறும்.

முக்கியமாக, "சின்ன வயசில் என்ன நடந்தது, போன ஜென்மத்தில் என்ன நடந்தது என்று தோண்டி எடுக்கிறேன்" என்பவரிடம் உட்காராதே. அந்த நிலையில் நடக்காததும் நடந்த மாதிரி மனதில் பதிந்துவிடும். அப்படி மீட்ட நினைவைச் சாட்சியாக ஏற்க அமெரிக்காவில் பல மாநில நீதிமன்றங்கள் மறுக்கின்றன. அதை வைத்து வீட்டு மனிதர்களோடு நீ முகம் முறித்துக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் போவது? மனநல மருத்துவரிடம் போ, அல்லது ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போ. இந்த முறையில் என்ன பயிற்சி, எத்தனை அமர்வு, மொத்தம் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேள். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டாலோ கும்பிட்டுவிட்டு வந்துவிடு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் டாக்டர், மற்றதெல்லாம் பிறகு. மனசு ரொம்பத் தளர்ந்தால் 14416-க்குப் பேசு. அரசின் டெலி மானஸ் எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதல் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போ. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நீ உள்ளே போன மாதிரியே திரும்பி வருவதைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். போகும் முன் அந்த டாக்டரின் பெயரையும் படிப்பையும் எனக்கு எழுதி அனுப்பு. நானும் விசாரித்துச் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
பெரியம்மா