கட்டாந்தரையும் ரெட் ரமும்

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தடை தாண்டும் போட்டியில் உன் குதிரை பாதுஷாவை இறக்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். உன் பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருந்தாயே, "ரெட் ரம் கெட்டித் தரையில்தான் சாதனை படைத்தது, கட்டாந்தரையில் ஓடினால்தான் கால் இறுகும்" என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ரெட் ரம் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. 1973இல் பிரிட்டனில் நடந்த கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் தூரம், 30 தடைகள், 'ஃபர்ம்', அதாவது கெட்டி, என்று அறிவிக்கப்பட்ட தரை. வெகுதூரம் முன்னால் போய்விட்ட கிரிஸ்ப் என்ற குதிரையை ரெட் ரம் கடைசி எட்டுகளில் பிடித்து வென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி, 1934இல் கோல்டன் மில்லர் என்ற குதிரை வைத்த சாதனையைவிட 18 விநாடிக்கு மேல் குறைவு. கிரிஸ்ப் பத்து கிலோ அதிகம் சுமந்து ஓடியது என்பதை உன் பயிற்சியாளர் சொல்லியிருக்க மாட்டார். போகட்டும்.

அந்தக் குதிரைக்குக் குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி இருந்தது தெரியுமா? அதன் பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெய்ன் 1972இல் 6,000 கினிக்கு அதை ஏலத்தில் எடுத்தார். டாக்ஸி ஓட்டியவர், பழைய கார் விற்றவர். அவருடைய லாயம் சவுத்போர்ட் என்ற கடற்கரை ஊரில் கார் ஷோரூமுக்குப் பின்னால் இருந்தது. கடற்கரைக்குக் கொண்டுபோன முதல் நாளே குதிரை நொண்டியது. அவர் அதைக் கடலுக்குள் நடத்தச் சொன்னார். உப்புத் தண்ணீரில் நடந்து வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. அதற்குப் பிறகு அதன் பயிற்சி முழுக்க அந்த ஈர மணலில்தான். கெட்டித் தரையில் ஓடியது பந்தய நாளில். மற்ற நாளெல்லாம் மணலும் கடலும். உன் பயிற்சியாளர் சொன்ன கதையில் கடலையே காணோம்!

இன்னொன்று. ஃபர்ம் என்பது பிரிட்டிஷ்காரர்கள் அளவுகோலில் கடைசிப் படி இல்லை. அதற்கு மேல் 'ஹார்ட்' என்று ஒன்று உண்டு. அந்தத் தரையில் தடை தாண்டும் பந்தயம் நடத்த இன்று பிரிட்டனில் அனுமதியே கிடையாது. அடர்ந்த புல்லும் அடியில் ஈரமும் உள்ள அந்த ஃபர்மையும், மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நம் களிமண்ணையும் ஒரே தட்டில் வைப்பதா?

கால் இறுகும் என்பதில் உண்மையே இல்லையா என்று கேட்பாய். பாதி உண்மை. எலும்பு சுமைக்கேற்ப உறுதியாகும். ஆனால் முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். அந்த நேரத்தில் நான்கு கால் பாய்ச்சலில் முன்னங்கால் ஒன்றின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. 500 கிலோ குதிரைக்கு எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் பழக்குவது வேறு. போட்டிக்கு முந்தைய வாரம் இறுக்குகிறேன் என்று கிளம்புவது வேறு.

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார். எல்லோரும் சோறும் கறியும் போட்டதால் செத்தன என்றே படிக்கிறார்கள். மணலில் வளர்ந்த குளம்பை நம் சரளை மண்ணில் விட்டதும் ஒரு காரணம் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்காதே. குளம்பு பார்த்தே கழிந்த ஆயுள் என்னுடையது, அவ்வளவுதான்.

பாதுஷாவுக்கு வருகிறேன். ஒன்பது வயது, பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்த குதிரை, தட்டையான குளம்பு. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை கெட்டித் தரையில் தாண்டியிருக்கிறது. இதே நிலையில் இருந்த ஒரு பெட்டைக் குதிரைக்கு, வேலையில் சேர்ந்த புதிதில், "ஓடட்டும்" என்று நானே தலையாட்டினேன். போட்டியில் ஒரு தடைகூட விழவில்லை, எல்லோரும் கை கொடுத்தார்கள். மறுநாள் காலை கொள்ளு வாளிச் சத்தம் கேட்டும் அது நகரவில்லை. முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றது. குளம்பு அடுப்பில் வைத்த கல் போலச் சுட்டது. நான்கு மாதம் லாயத்தில் நின்றது. அதன் சவாரிக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தரையைப் பார்ப்பதென்றால் மைதானத்தின் நடுவில் நின்று பூட்ஸால் தட்டிப் பார்ப்பது இல்லை. பந்தய மைதானங்களில் பெனட்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள். உனக்கு உன் வீட்டுச் சாவி போதும். தடைகளுக்கு முன்னே குதிரை எழும்பும் இடத்திலும், அதைவிட முக்கியமாக அது வந்து இறங்கும் இடத்திலும் குத்திப் பார். காலையில் யாராவது லாரித் தண்ணீர் அடித்திருந்தால் ஏமாந்துவிடாதே. மேலே ஒரு விரல் ஈரம், அடியில் பாறை என்றால் காய்ந்த தரையைவிட அது மோசம், வழுக்கும். லாடத்தில் பெரிய ஸ்டட் ஆணி மாட்டிச் சமாளிக்கலாம் என்று ஒருவர் வருவார். வேண்டாம். கெட்டித் தரையில் அது உள்ளே இறங்காது, குளம்பைக் கோணலாக நிறுத்தும்.

ரெட் ரமுக்கே திரும்புகிறேன், மன்னித்துக்கொள். கிராண்ட் நேஷனலை மூன்று முறை வென்ற பிறகு 1978இல் அது மறுபடி ஓடும் என்று நாடே காத்திருந்தது. காலில் மயிரிழை முறிவு என்று தெரிந்ததும் பந்தயத்துக்கு முந்தைய நாள் விலக்கிவிட்டார்கள். முப்பது வயதுவரை இருந்து 1995இல் செத்தது. கிராண்ட் நேஷனல் நடக்கும் எய்ன்ட்ரீ மைதானத்தில் வெற்றிக் கம்பத்துக்கு அருகில் புதைத்தார்கள். உன் பயிற்சியாளரிடம் இதையும் சொல்.

சனிக்கிழமை காலையில் பாதுஷாவைக் கெட்டித் தரையில் சிறு வட்டமாக டிராட் விட்டுப் பார். எட்டு குறுகினாலோ, குளம்புக்கு மேல் மூட்டின் பின்புறம் நாடி உன் விரலுக்குத் துள்ளித் தெரிந்தாலோ அங்கேயே முடிந்தது. அது சரியாக இருந்தால், சாயங்காலம் மைதானத்துக்குப் போய்ச் சாவியைக் குத்து. பாதிச் சாவியாவது இறங்கவில்லையென்றால் பெயரை எடுத்துவிடு. நுழைவுக் கட்டணம் போனால் போகிறது, அதை நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் சார்