துவைக்கிற கல்லில் எழுத்து

கொள்ளேகால் என்றதும் பட்டு நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு நீளமான கல். பெண்கள் அந்தக் கல்லில் துணி துவைக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அதில்தான் துவைத்தார்கள்.

அந்த ஊரில் ஒரு பாட்டி இருக்கிறார். பட்டு நூல் சுற்றிப் பிழைத்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றார். உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எழுத்துக் கற்றவர் கண் சும்மா இருக்காது. ஒரு நாள் துணி துவைக்கும்போது பாட்டி கல்லின் ஓரத்தைப் பார்த்தார். வரிவரியாகக் கீறல்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். கீறல் இல்லை, எழுத்து!

பெங்களூரில் வேலை செய்யும் பேரன் ஊருக்கு வந்தான். பாட்டி அவனைக் கையோடு ஏரிக்கு அழைத்துப் போனார்.

"பாருடா, ஏதோ எழுதியிருக்கு. ஒண்ணு ரெண்டு எழுத்து தெரிஞ்ச மாதிரி இருக்கு. மத்தது புரியலை."

"பாட்டி, இது கல்வெட்டா இருக்கும். இதைப் படிக்கிறவங்க பெங்களூர்ல இருக்காங்க. அவங்க பேச்சை நான் கேட்டிருக்கேன்."

"கல்லைப் பத்திப் பேச ஒரு கூட்டமா?" என்று பாட்டி சிரித்தார். பிறகு, "என்னதான் பேசினாங்க, சொல்லு" என்று கரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேரன் சொன்ன செய்திகளை நாமும் தெரிந்துகொள்வோம்.

வரலாற்றுச் சங்கம்

பழைய செய்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஒன்றுகூடி அமைப்பது வரலாற்றுச் சங்கம். பெங்களூரில் அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பெயர் மித்திக் சொசைட்டி. 1909-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நிருபதுங்கா சாலையில் அதற்குச் சொந்தக் கட்டடம் உண்டு. அங்கே பெரிய நூலகம் இருக்கிறது. சங்கம் ஓர் ஆய்வு இதழையும் வெளியிடுகிறது. வரலாறு தெரிந்தவர்கள் அங்கே வந்து சொற்பொழிவு செய்கிறார்கள்.

வரலாற்றுச் சங்கங்கள் இப்படிச் சொற்பொழிவு நடத்தும். பழைய பொருள்களையும் படங்களையும் கண்காட்சியாக வைக்கும். கோயில், கோட்டை, ஏரி என்று பழைய இடங்களுக்கு மக்களை அழைத்துப் போய்க் காட்டும். இவை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேட்க ஆசை இருந்தால் போதும்.

ஊரின் பெயரைச் சொன்ன கல்

பெங்களூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு கதை உண்டு. ஹொய்சள மன்னர் வீர பல்லாளர் காட்டில் வழி தவறினார். பசியோடு ஒரு குடிசைக்கு வந்தார். அங்கே ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாள். கன்னடத்தில் 'பெந்த காளு' என்றால் வெந்த பயறு. அதனால் அந்த இடம் 'பெந்தகாளூரு' ஆனது என்பார்கள்.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பேகூர் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெங்களூரில் நடந்த சண்டையைப் பற்றி அது சொல்கிறது. வீர பல்லாளரோ 1173-இல்தான் ஆட்சிக்கு வந்தார். அவருக்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூர் என்ற பெயர் இருந்திருக்கிறது! ஒரு கல் இல்லாவிட்டால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

மண்ணுக்குள் கிடந்த வீரன்

பெங்களூரில் ஹெப்பாள் என்ற பகுதி உண்டு. 2018-இல் அங்கே வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். அப்போது ஒரு கல் வெளியே வந்தது. அது ஒரு வீரக்கல். நம் பக்கத்தில் இதை நடுகல் என்றும் சொல்வார்கள். போரில் இறந்தவரின் நினைவாக நடுவது.

அதில் இருந்த எழுத்தைப் படித்தார்கள். அது சுமார் 750-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது கங்க மன்னர் ஸ்ரீபுருஷர் ஆட்சி. சண்டையில் உயிர்விட்ட வீரனின் பெயர் கிட்டய்யா. அவர் ராஜா அல்ல. ஆனாலும் சுமார் 1,270 ஆண்டுகள் கழித்து அவர் பெயரை நாம் படிக்கிறோம்.

கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கல் உடைந்து மண்ணோடு போயிருக்கும். கல்வெட்டு ஆர்வலர்களும் ஊர் மக்களும் அதைக் காப்பாற்றினார்கள். இன்று அதற்கு ஒரு மண்டபம் இருக்கிறது.

தமிழிலும் கல் உண்டு

பெங்களூர் மடிவாளாவில் சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது தமிழில் இருக்கிறது. வெங்கலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வெங்கலூர் என்பது பெங்களூர்தான்.

இன்று நிலம் வாங்கினால் பத்திரம் எழுதுகிறோம். அந்தக் காலத்தில் கோயிலுக்கோ ஊருக்கோ நிலம் கொடுத்தால் கல்லில் வெட்டி வைத்தார்கள். பல கல்வெட்டுகள் அந்தக் காலத்துப் பத்திரங்களே.

கொள்ளேகால் பக்கத்திலும் இப்படித்தான். காவிரிக்கரையில் தலக்காடு இருக்கிறது. முதலில் கங்க மன்னர்கள் ஆண்டார்கள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் பிடித்தார்கள். ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனர் அதைப் பிடித்தார். அங்கே கன்னடக் கல்வெட்டும் உண்டு. தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைகள் மாறும். ஆட்சிகள் மாறும். கல் அதே இடத்தில் இருந்து நடந்ததைச் சொல்லும்.

பாட்டியால் ஏன் படிக்க முடியவில்லை?

எழுத்தின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறும். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'க' என்பதும் 'க்' என்பதும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. பழகினால் இதையும் படிக்கலாம்.

படிப்பதற்கு முதலில் கல்லைப் படியெடுப்பார்கள். கல்லைச் சுத்தம் செய்வார்கள். ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டுவார்கள். தூரிகையால் தட்டுவார்கள். காகிதம் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மேலே மை ஒற்றுவார்கள். எல்லா இடமும் கறுப்பாகும். எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

பெங்களூரில் பிறந்த லூயிஸ் ரைஸ் என்ற ஆங்கிலேயர் கல்வித் துறையில் அதிகாரியாக இருந்தார். அவர் மைசூர் நாடு முழுவதும் சுமார் 9,000 கல்வெட்டுகளைச் சேர்த்துப் புத்தகங்களாக வெளியிட்டார். அவர் சேர்த்த கற்களில் பல இன்று இல்லை. வீடு கட்டவும் சாலை போடவும் உடைத்துவிட்டார்கள். புத்தகத்தில் உள்ள படி மட்டும் மிச்சம்.

அதனால் மித்திக் சொசைட்டி 2021-இல் ஒரு வேலையைத் தொடங்கியது. பெங்களூர்ப் பகுதிக் கற்களைத் தேடிப் போனார்கள். ஒரு கருவியால் கல்லின் மேடு பள்ளத்தை அப்படியே பதிவு செய்தார்கள். தேய்ந்த எழுத்துகூடக் கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரிகிறது. கல்லே அழிந்தாலும் அதன் உருவம் அழியாது.

நாம் என்ன செய்யலாம்?

எழுத்துள்ள கல்லை உடைக்க வேண்டாம். அடியில் புதையல் இருக்கும் என்று தோண்ட வேண்டாம். எழுத்துதான் அங்கே இருக்கும் புதையல்.

சுண்ணாம்பு, பெயிண்ட் பூச வேண்டாம். ஆணியால் எழுத்தைக் கீற வேண்டாம். நாமாக இடம் மாற்றவும் வேண்டாம். கல் இருந்த இடமும் ஒரு சாட்சி.

பஞ்சாயத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். பள்ளி ஆசிரியரிடம் சொல்லலாம். செல்போனில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கோ வரலாற்றுச் சங்கத்துக்கோ அனுப்பலாம். மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்த நாட்களில் பல இடங்களில் கண்காட்சி வைப்பார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பேரன் சொல்லி முடித்தான். பாட்டி கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார்.

"இத்தனை வருஷம் இதுமேல துணியை அடிச்சுத் துவைச்சோமே. ஒரு எழுத்தாவது தேஞ்சிருக்குமே!"

"தெரியாம செஞ்சதுதானே பாட்டி."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே!" என்று பாட்டி எழுந்தார்.

மறுநாள் பாட்டி பெண்களிடம் பேசினார். துவைக்க வேறு கல் போட்டார்கள். பேரன் படம் எடுத்துக்கொண்டான். மனுவைப் பாட்டியே தன் கையால் எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

கல்லில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. நிலம் கொடுத்த கதையாக இருக்கலாம். ஏரி வெட்டிய கதையாக இருக்கலாம். ஊருக்காக இறந்தவன் பெயராகவும் இருக்கலாம். படிக்கிறவர்கள் வரும்வரை அந்த எழுத்து தேயக் கூடாது. அதைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார்.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் கல்வெட்டு எங்கே இருக்கிறது?
2. கிட்டய்யாவின் கல் எப்படிக் கிடைத்தது?
3. கல்லை எப்படிப் படியெடுக்கிறார்கள்?
4. உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.