மழைக்கணக்கு நோட்டை ஏன் ஒளிக்கிறீர்கள்?

சீர்காழியிலிருந்து மழை அளந்து எழுதிவரும் நம் கட்டுரையாளர், அதே பழக்கம் உள்ளவர்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து மழை அளந்து எழுதுகிறேன். இப்போது விடுதியில் இருக்கிறேன், வீட்டில் தம்பி அளந்து போனில் சொல்கிறான். தோழிகளுக்குத் தெரிந்துபோய் "ரமணன் சார்" என்று கூப்பிடுகிறார்கள். நோட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்த வெட்கம் எப்போது போகும்?
— கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் ஓய்வு பெற்றது 2016-இல். ஐப்பசி பிறந்தால் இன்றும் ஜனங்கள் அவர் பேரைச் சொல்கிறார்கள். அந்தப் பேர் தேடி வந்திருக்கிறது, வைத்துக்கொள்ளம்மா. கேலியாக வந்தது என்பதற்காகத் தள்ள வேண்டாம்.

தலையணை உறைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளித்து வைத்த பொருள் வெளியே வந்தால் எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள். மேஜைமேல் கிடக்கும் நோட்டை இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். யாராவது கேட்டால் "நேற்று எங்கள் தெருவில் 23.4 மில்லிமீட்டர்" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். எதற்கு அளக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்கிற தொனி தானாக வந்துவிடும்.

ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற ஆங்கிலேயரை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தாலுகா ஆபீஸ் வளாகங்களில் நிற்கிற சாதாரண மழைமானிக்கு அவர் பேர்தான். 1860-இல் 168 இடங்களின் மழைக்கணக்கைத் திரட்டி அச்சிட்டார். 1900-இல் அவர் காலமானபோது அவருக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். பாதிரியார், டாக்டர், பள்ளி ஆசிரியர், பண்ணைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். பெரும்பாலோர் ஒரு காசு வாங்காமல் தோட்டத்தில் குடுவை வைத்து அளந்தார்கள். ஒரு நாட்டின் மழை வரலாறு இப்படித்தான் எழுதப்பட்டது. உன் நோட்டு அந்த வரிசையில் வருகிறது.

தம்பி சொல்லும் அளவைத் தம்பி கையெழுத்திலேயே எழுதச் சொல். அளந்தவர் யார் என்பதும் கணக்கில் சேர்த்தி.

பெரிய புனல் ஒன்றை 2 லிட்டர் பாட்டிலில் செருகி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊரைவிட எப்போதும் குறைவாகவே வருகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் மழை குறைவா?
— வாசகர், திருவெண்காடு

உங்கள் தெருவுக்கு மழை குறையவில்லை. தொட்டி மறைக்கிறது, மொட்டைமாடிக் காற்று துளியைப் புனலுக்கு வெளியே தள்ளுகிறது. இன்றைக்கே கீழே இறக்குங்கள். புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக நிற்கட்டும். சுவரோ மரமோ எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தென்னைக்கு அடியில் வைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர். மட்டை வடிக்கிற தண்ணீர் மழைக்கணக்கில் வராது.

புனலின் வாய் 16 செ.மீ. அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 20 மில்லி தண்ணீருக்கு 1 மி.மீ. மழை. உங்கள் 2 லிட்டர் பாட்டில் 10 செ.மீ. மழைக்கே நிரம்பி வழிந்துவிடும். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்த சீர்காழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 2 லிட்டர் பாட்டில் வைக்கலாமா? அன்றைக்கு அந்தப் புனலுக்குள் 8.8 லிட்டர் விழுந்திருக்கும். பெரிய கேன் வாங்குங்கள். இல்லையென்றால் அடைமழை இரவில் எழுந்துபோய் அளந்து, குறித்து, கொட்டிவிட்டு வாருங்கள். காலையில் கூட்டிக்கொள்ளலாம்.

கைபேசிச் செயலியே மழை அளவைச் சொல்கிறதே, இது எதற்கு?
— வாசகர், கும்பகோணம்

செயலி சொல்வது மதிப்பீடு. உங்கள் வாசலில் விழுந்ததை உங்கள் வாசலில்தான் அளக்க முடியும்.

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி எட்டரை ஆனதும் இவர் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். திரும்பி வந்து "பதினொன்று புள்ளி இரண்டு" என்றார். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. இவரிடம் நீங்களாவது சொல்லுங்கள்.
— வாசகி, வைத்தீஸ்வரன்கோவில்

அம்மா, உங்கள் சங்கடம் புரிகிறது. அவரிடம் சொல்கிறேன்.

ஐயா, எட்டரை மணி என்பது சரி. நாடு முழுவதும் அந்த நேரத்துக்குத்தான் அளக்கிறார்கள், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்களிடம் "ஐந்து நிமிஷம், மழை அளந்துவிட்டு வருகிறேன், நீங்களும் வந்து பாருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு என்ன தடை? ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனால் மரியாதைக் குறைவாகத்தான் தெரியும். உங்கள் பழக்கத்தால் உங்கள் மனைவி கூனிக்குறுகி உட்கார வேண்டியிருந்தால், குறை மழை அளப்பதில் இல்லை, உங்கள் நடத்தையில் இருக்கிறது.

அம்மா, உங்களுக்கும் ஒன்று. தினம் ஒரே நேரத்துக்கு, யாரும் சொல்லாமல், ஒரு வேலையைத் தவறாமல் செய்கிற மனுஷரைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. நீங்கள் தலை நிமிர்ந்தே உட்காரலாம். அவர் காய்ச்சலாகக் கிடக்கிற நாளில் யார் அளக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாசியிலிருந்து மழையே இல்லை. அந்தப் பக்கங்களைக் காலியாக விட்டுவிடலாமா? தினமும் வெறும் புனலைப் போய்ப் பார்ப்பது அக்கம்பக்கத்தில் சிரிப்பாக இருக்கிறது.
— வாசகர், பூம்புகார்

விடக்கூடாது. பூஜ்யம் எழுதுங்கள்.

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது. காலிக் கட்டம் என்றால் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் ஒரு மனிதர் போய்ப் பார்த்தார், தண்ணீர் இல்லை என்று பொருள். இருபது வருஷம் கழித்து உங்கள் நோட்டைப் பிரிக்கிறவருக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். காலியாக விட்ட கட்டத்தில் ஒரு கோடை மழை ஒளிந்திருக்கலாமே என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்த வருஷக் கூட்டுத்தொகையே பயனற்றுப் போகிறது.

புயல் நாளில் எல்லோரும் மழை அளக்கிறார்கள். நிரம்பிய பாட்டிலைப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அன்றைக்கு இந்தப் பழக்கம் பெருமையாக இருக்கிறது. பங்குனி வெயிலில் காய்ந்த புனலைப் பார்த்துவிட்டு வரும்போது அதே பழக்கம் வெட்கமாக இருக்கிறது. பெருமையும் வெட்கமும் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்து வந்துபோகிறவை, கணக்கு அவற்றை நம்பி நடக்க முடியாது. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறக்குமா என்று காத்திருக்கிற வருஷத்தில், வைகாசியில் எத்தனை நாள் வறண்டது, நடுவில் ஒரு கோடை உழவுக்காவது மழை விழுந்ததா என்பதெல்லாம் குறுவைக்காரருக்கு வேண்டிய விவரம். அதைச் சொல்லப்போவது உங்கள் பூஜ்யங்கள்தான்.

கொரியாவில் 1441-இலேயே அரசர் செஜோங் காலத்தில் மழைமானி வைத்து நாடெங்கும் அளக்க ஏற்பாடு செய்தார்கள். சியோல் நகரின் 1770-களுக்குப் பிந்தைய பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மழையில்லாத நாளையும் நம்பகமாகத் தெரிந்துகொள்ள முடிந்தால்தான் எந்தப் பதிவுக்கும் மதிப்பு. ஊருக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்து அளந்தீர்களா? "மூன்று நாள் சேர்த்து" என்று எழுதுங்கள். மூன்றாகப் பங்கு போட்டு எழுதாதீர்கள், அது பொய்க்கணக்கு. பனி விழுகிற மார்கழி, தை காலையில் புனலில் ஈரம் மட்டும் இருந்தால் "பனி" என்று குறியுங்கள். தூறல் போட்டு அளக்கிற அளவுக்குச் சேராமல் போனால் அதையும் எழுதுங்கள், அது பூஜ்யம் ஆகாது. அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும், பூஜ்யம் எழுத அரை நிமிஷம் போதும்.

ப்ளஸ் டூ படிக்கிறேன். வரைபடங்களைப் பார்த்து டெல்டாவுக்கு மழை எச்சரிக்கை வீடியோ போடுகிறேன். பார்வையாளர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். என்னை மட்டம் தட்டிய வகுப்பு நண்பர்கள் இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். நான் சரியான வழியில்தானே போகிறேன்?
— மாணவர், திருவாரூர்

இல்லை தம்பி.

தை மாதத்தில் சம்பா கதிர் முற்றி நிற்கும்போது "மூன்று நாளில் பேய்மழை" என்று நீ சொன்னால் என்ன நடக்கும்? கடன் வாங்கி அறுவடை இயந்திரத்தை இறக்குவார்கள். சரியாகக் காயாத நெல்லை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவிட்டால் சாலையில் கொட்டிக் காயவைப்பார்கள். மழை வராவிட்டால் நீ அடுத்த வீடியோ போடுவாய். அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆர்வத்தால் மட்டுமே இந்தத் துறைக்குள் வந்து ஜனங்களுக்குப் பயன்பட்டவர்கள் உண்டு. "தமிழ்நாடு வெதர்மேன்" பிரதீப் ஜான் வானிலைத் துறை ஊழியர் அல்ல. மன்னார்குடி செல்வகுமார் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே டெல்டா விவசாயிகளுக்கு வானிலை சொல்லத் தொடங்கியவர். அவர்களைப் போல வர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. பிரதீப் ஜானுடைய பேச்சைக் கேட்டுப்பார், எந்த ஊரில் எந்த வருஷம் எத்தனை செ.மீ. என்ற பழைய கணக்கு அதில் திரும்பத் திரும்ப வரும். அந்த அஸ்திவாரம் உன்னிடம் இருக்கிறதா? உன் கடிதத்தில் எங்கேயும் மழைமானி இல்லை. நீ சொன்னதில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று ஒரு பட்டியலும் இல்லை.

வீடியோவை நிறுத்து. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் உன் வீட்டில் அளந்து எழுது. தினமும் முதல்நாள் இரவே உன் கணிப்பை நோட்டில் எழுதி, மறுநாள் பக்கத்திலேயே நடந்ததை எழுது. அந்த நோட்டோடு அடுத்த தைக்கு எனக்குக் கடிதம் போடு, சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன்.

இதில் வருமானம் ஏதாவது வருமா?
— வாசகர், நாகப்பட்டினம்

வராது.

2022-இல் சீர்காழியில் 44 செ.மீ. என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் வயல் முழுகிக் கிடந்தது. எங்களுக்கு எவ்வளவு பெய்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பையன் குடுவை வைத்து அளந்தபோது நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.
— விவசாயி, கொள்ளிடம் ஒன்றியம்

இப்படி மனம் விட்டு எழுதியதற்கு நன்றி, ஐயா.

அந்த நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் 44, கொள்ளிடத்தில் 32, செம்பனார்கோவிலில் 24 செ.மீ. எல்லாமே ஒரே மாவட்டம், பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். 20 செ.மீ. தாண்டினாலே அதி கனமழை என்கிறது வானிலைத் துறை. மூன்று இடமும் அந்தக் கணக்கில் வந்தன, ஆனாலும் சீர்காழிக்கும் செம்பனார்கோவிலுக்கும் 20 செ.மீ. வித்தியாசம். இடைப்பட்ட கிராமங்களில் எவ்வளவு என்பதற்கு எழுத்து இல்லை. எந்த வடிகால் தாங்கும், எது உடைத்துக்கொள்ளும், எந்த மதகை எத்தனை மணிக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பின்னால் யோசிப்பவர்களுக்கு அந்த எண்கள் வேண்டும். தாலுகாவுக்கு ஒன்றிரண்டு மழைமானியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் இதே கதை நடந்தது. நகரின் ஒரு பக்கம் 35 செ.மீ.க்கு மேல் கொட்டியது, மறுபக்கம் 5 செ.மீ.கூட இல்லை. வெள்ளத்தில் 5 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே அங்கே சாதாரணக் குடும்பங்களிடம் மழைமானியைக் கொடுத்து வீட்டுக்கு வீடு அளக்கிற ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது நாடு முழுவதும் பரவி, அவர்கள் தரும் அளவுகளை அரசு வானிலை மையங்களே எடுத்துக்கொள்கின்றன.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போதும் அளக்கிறானா என்று விசாரியுங்கள். விட்டிருந்தால், உங்கள் களத்து மேட்டில் மரமில்லாத ஓர் இடத்தைக் கொடுத்து அவனை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சிரித்தவரே வந்து கேட்டால் அவனுக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. பீரோ நிறைய மழைக்கணக்கு நோட்டுகள். பழையவை அங்குலத்தில் இருக்கின்றன. அவர் உயிரோடு இருந்தபோது நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவரவே கூசுவேன், அந்தக் குடுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாரே என்று. வீட்டை விற்கப்போகிறோம். நோட்டுகளை என்ன செய்வது?
— வாசகர், சென்னை (சொந்த ஊர் தரங்கம்பாடி பக்கம்)

முதலில் ஒன்றையும் திருத்தாதீர்கள். அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றி அழகாகப் படியெடுத்து, மூலத்தைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அங்குலமாகவே இருக்கட்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பது யாருக்கும் தெரியும், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

வீட்டை விற்பதற்குமுன் குடுவை நின்ற இடத்தைப் படம் எடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசையில் மரம் இருந்தது, இடையில் எப்போதாவது இடம் மாற்றினாரா என்று அம்மாவிடம் கேட்டு முதல் நோட்டின் உள்ளட்டையில் எழுதுங்கள். இதைச் சொல்ல இப்போது அம்மா ஒருவர்தான் இருக்கிறார். குடுவையையும் அளவுக் கண்ணாடியையும் நோட்டுகளோடு சேர்த்து வையுங்கள். அது எவ்வளவு பிசகு காட்டும் என்று சோதிக்க வேண்டிவரும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்தையும், பூஜ்யங்கள் மட்டும் இருக்கும் பக்கங்களையும் சேர்த்து, ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதியைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும், ஒரு பிரதியை வேளாண் வானிலைத் துறை இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதத்தோடு அனுப்புங்கள். அனுப்பும்போது அப்பாவின் பெயரை முழுதாக எழுதுங்கள். மூல நோட்டுகளை வாங்கிக்கொள்ள யாரும் முன்வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், சீர்காழியில் நான் வைத்துக்கொள்கிறேன்.

நண்பர்களைக் கூட்டிவரவில்லையே என்று வருந்தி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கங்களை அச்சிடவில்லை. அப்பா கடைசியாக எழுதிய தேதி எது, அதற்குப் பிறகு குடுவை எத்தனை நாள் வெளியிலேயே நின்றது என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள். அதில் தண்ணீர் இருந்தால் கொட்டுவதற்குமுன் அளந்து, "சேர்த்து" என்று குறித்து, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.