பின்சந்துத் தோட்டமும் ஒரு தகரம் அரிசியும்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு "தற்சார்பு" பற்றி ஒரு பாடம் எழுதித் தரும்படி கேட்டார்கள். பெரிய சொல். அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும், படிக்கிற உங்களுக்கும் வரும். அதனால் எங்கள் சந்தில் நடந்ததையே பாடமாக எழுதுகிறேன். கிள்ளான் பக்கம், இரண்டு மாடித் தொடர் வீடுகள், ஒரு வரிசைக்குப் பதினெட்டு வீடு. உங்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட தாமானில்தான் இருப்பீர்கள்.

2021 ஜூலை மாதம் நினைவிருக்கிறதா? நடமாட்டக் கட்டுப்பாடு இரண்டாவது வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. உதவி வேண்டுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு. அப்போது நான் கிளைச் செயலாளர். தினமும் சாயங்காலம் ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், மாவு, சார்டின் டின் எல்லாம் பெட்டியில் அடுக்கி, காரில் ஏற்றி, தூரத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். படமும் எடுப்போம். ஒரு நாள் திரும்பி வரும்போது, என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக் கேட்டில் ஒரு வெள்ளைத் தலையணை உறை கட்டியிருந்தது.

அங்கே ஓர் அக்கா, மூன்று பிள்ளைகள். வீட்டுக்காரர் சுற்றுலா பஸ் ஓட்டியவர். பஸ் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் போய் நின்றபோது அவர் சொன்னது இதுதான்: "நீங்க தினமும் கார்ல அரிசி மூட்டை ஏத்துறதைப் பார்ப்பேன் தம்பி. கேக்கணும்னு வருவேன், வாய் வராது."

அதைவிட இன்னொன்று. எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் அங்கே வந்துவிட்டிருந்தார்கள். மூலை வீட்டுப் பாட்டி ஒரு கட்டு முருங்கைக்கீரையும் ஐந்தாறு மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். எதிர்வீட்டு மாக்சிக் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய அரிசி கொண்டுவந்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் எந்த இயக்கத்திலும் இல்லை. வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். பெட்டி கட்டித் திரிந்த நான் மூன்றாவதாகப் போனேன்.

அன்று இரவுதான் பாட்டியிடம் உட்கார்ந்து பேசினேன். அவருக்கு அப்போது எண்பத்து நாலு வயது. எஸ்டேட்டில் பிறந்து, பால்மரம் சீவி, லயத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். ஜப்பான்காரன் வந்தபோது சின்னப் பிள்ளை. "அரிசியே கண்ணுல பாக்கல. மரவள்ளிதான். காலையில அது, ராத்திரியும் அதுதான்" என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் மலாயா தன் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது, பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும். நிலத்தில் எல்லாம் ரப்பர். ரப்பர் விற்ற காசில் அரிசி வாங்கினால் போதும் என்ற ஏற்பாடு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் போக்குவரத்து முறிந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. ரப்பரை வாங்கவும் ஆளில்லை, அரிசி கொண்டுவரவும் கப்பலில்லை. 1945 வரை சனங்கள் மரவள்ளியிலும் சர்க்கரைவள்ளியிலும் உயிர் பிடித்துக்கொண்டார்கள்.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. கிலோ 2 வெள்ளி 60 காசு என்று விலை கட்டியிருந்த உள்ளூர் அரிசி கடைத்தட்டிலிருந்து காணாமல் போனது. நானே நாலு கடை ஏறி இறங்கினேன்.

எஸ்டேட்டில் சம்பளம் குறைவு, கஷ்டம் நிறைய. அதை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. வெண்டை, கத்தரி, பாகல், முருங்கை, சில வீடுகளில் மாடு, ஆடு, கோழி. பிறகு எஸ்டேட்டுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறி, நம்மவர்கள் பட்டணத்துக்கு வந்தபோது அந்தத் துண்டு நிலம் மட்டும் கூட வரவில்லை. நடத் தெரிந்த கை மட்டும் வந்தது. அந்தக் கை பாட்டியோடு போய்விடும் என்பதுதான் அன்று இரவு எனக்கு வந்த பயம்.

ஆகஸ்ட்டில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்தோம். பின்சந்துக்கும் பெரிய லோங்காங்குக்கும் நடுவே சும்மா கிடந்த இடத்தில் பாத்தி போட்டோம். இங்கே நாங்கள் செய்த முதல் தப்பு: யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வழித்துவிட்டது. நிலம் நம்முடையது இல்லை, கோபப்பட உரிமையும் இல்லை. நடுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பாளர் சங்கம் மூலமாகக் கேட்டால் இன்னும் நல்லது. இப்போது எங்கள் தோட்டம் பாட்டியின் மூலை வீட்டுப் பக்கவாட்டு நிலத்திலும், மற்ற வீடுகளின் வாசலில் வாளிகளிலும் இருக்கிறது.

என்ன நடலாம்? வாளியில் கங்குங் போட்டால் நாலு வாரத்தில் அறுக்கலாம். வெண்டையும் பயத்தங்காயும் ஒன்றரை, இரண்டு மாதம். முருங்கைக்கு விதைகூட வேண்டாம், கை மொத்தத்தில் ஒரு போத்து வெட்டி நட்டால் துளிர்க்கும். மரவள்ளியும் தண்டிலிருந்துதான், ஆனால் எட்டு முதல் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக்கு இரட்டைப் பலன், கிழங்கு வருவதற்குள் இலையைக் கீரையாகச் சமைக்கலாம். மிளகாய் மட்டும் எங்களை அழவைத்தது. வெள்ளை ஈ வந்து இலை சுருண்டது. ஆரம்பத்திலேயே இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் தப்பிக்கும். சுருண்ட பிறகு அடித்துப் பயனில்லை, பிடுங்கிப் போடுவதே மேல்.

நம் மழைக்குப் பாத்தியை ஓர் அடியாவது உயர்த்த வேண்டும். சமையல் கழிவு உரம் நல்லதுதான், ஆனால் இறைச்சி, மீன் மிச்சம் போட்டால் எலி வரும். வாளியிலும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். தோட்டம் போட்டு டெங்கியை வளர்த்தால் அக்கம்பக்கத்தார் வாழ்த்த மாட்டார்கள். ஞாயிறு காலை ஒரு பையன் எல்லா வாசலையும் சுற்றி வந்து தட்டுகளைக் கவிழ்ப்பான். அவன் அந்த வெள்ளைக்கொடி வீட்டு மூத்த பையன்.

காய் திருட்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், நடக்கும். நான் வேலி போடலாம் என்றேன். பாட்டி, "எடுத்துட்டுப் போறவன் சமைச்சுத்தானே திங்கப் போறான், விடுப்பா" என்று முடித்துவிட்டார். எனக்கு இன்னும் அதில் முழுச் சம்மதம் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாளித் தோட்டம் பதினெட்டு வீட்டுக்கு வயிறு நிரப்பாது. காய்கறி தரும், கீரை தரும், கொஞ்சம் கிழங்கு தரும். சோறு கெடாவிலிருந்தும் கப்பலிலிருந்தும்தான் வருகிறது. அதனால் தோட்டத்தோடு சேமிப்பும் வேண்டும். இங்கேதான் எங்கள் இரண்டாவது தப்பு.

செப்டம்பரில் நல்ல மனம் படைத்த ஒருவர் நூறு கிலோ அரிசி கொடுத்தார். மூட்டைகளை என் வீட்டுச் சாமான் அறையில், சிமெண்டுத் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கினேன். இரண்டு மாதம் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தபோது அடி மூட்டைகள் ஈரம் பிடித்துக் கட்டி தட்டியிருந்தன, பூஞ்சை வாடை. மேல் மூட்டைகளில் கறுப்பு வண்டு. நாற்பது கிலோவைக் கொட்டினோம். பாட்டி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை.

வண்டு வந்த அரிசியைப் புடைத்து, கழுவிச் சமைக்கலாம். பூஞ்சை பிடித்ததைச் சாப்பிடக் கூடாது. கடலைக்கும் சோளத்துக்கும் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

இப்போது இப்படிச் செய்கிறோம். வண்டின் முட்டை பெரும்பாலும் கடையிலிருந்தே அரிசியோடு வரும். அதனால் வாங்கியதும் சின்னச் சின்னப் பையாகப் பிரித்து, நாலு நாள் உறைபெட்டியில் வைக்கிறோம். எடுத்துப் பையைத் திறக்காமலே ஒரு நாள் வெளியில் வைத்து, குளிர் விட்டு, மேல் ஈரம் காய்ந்த பிறகுதான் தகரத்தில் கொட்டி இறுக மூடுகிறோம். தகரம் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. காய்ந்த வேப்பிலை போடுவது வண்டு வருவதைத் தள்ளிப்போடும், உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. தீட்டிய வெள்ளை அரிசி நன்றாக மூடினால் வருடக்கணக்கில் நிற்கும். கைக்குத்தல் அரிசியிலும் ஆட்டா மாவிலும் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். ஆரோக்கியம் என்று அதை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள்.

மூடியில் தேதி எழுத வேண்டும். முதலில் வாங்கியது முதலில் உலைக்குப் போக வேண்டும். எடுத்த அளவை மறுவாரமே வாங்கி வைக்க வேண்டும். சேமிப்பு என்பது பூட்டி வைப்பதில்லை, சுற்றிக்கொண்டே இருப்பது. பதுக்கலுக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். கடையில் தட்டு காலியாகும் நாளில் ஓடிப்போய் வாங்காமல் இருப்பதற்காகத்தான் சாதாரண நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோம்.

ஐந்து பேர் வீட்டில் எங்கள் கணக்குக்கு நாளுக்கு ஒரு கிலோ அரிசி. இரண்டு வாரத்துக்குப் பதினைந்து கிலோ, பருப்பு மூன்று கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டர், உப்பு, புளி, காய்ந்த மிளகாய், நெத்திலி. சைவ வீடென்றால் சோயா உருண்டை. தண்ணீரை மறக்காதீர்கள். 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 45 லிட்டர்.

நம் நூலில் இதற்கு இடமிருக்கிறதா என்று வட்டத்தில் கேட்பார்கள். தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லியை எடுத்துப் பாருங்கள். உணவை இகழாதே, உணவை வீசாதே, உணவைப் பெருக்கு, வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்ற கருத்தில் அங்கே விரதங்கள் வரிசையாக வருகின்றன. பெருக்குவதும் கொடுப்பதும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். கொடுக்க வேண்டுமென்றால் முதலில் கையில் இருக்க வேண்டும். முளைப்பாரி எடுக்கிற கோயில் உங்கள் ஊரில் இருந்தால், அதையும் யோசித்துப் பாருங்கள். எந்த விதை முளைக்கும், எது முளைக்காது என்று விதைப்புக்கு முன் ஊரே சேர்ந்து பார்க்கிற சோதனையாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

அரிசியைக் கொட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வெள்ளம் வந்தது. ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை ஏறிய அதே மழை. எங்கள் சந்தில் முழங்கால் அளவுதான், ஆனால் வெளியே போக வழியில்லை. மிச்ச அறுபது கிலோ அதற்குள் தகரத்துக்கு மாறி, என் வீட்டு மாடியில் இருந்தது. மாக்சிக் வீட்டிலிருந்து எரிவாயு உருளையும் அடுப்பும் மாடிக்கு ஏறின. இரண்டு நாள் சந்து முழுக்கச் சோறும் பருப்பும் போனது. அந்த அக்காதான் சமைத்தார். சட்டியைத் தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தது அவருடைய வீட்டுக்காரர்.

வெள்ளம் வடிந்தபோது மிளகாய்ச் செடி எல்லாம் செத்திருந்தது. மரவள்ளி மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. கங்குங் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. போத்து வெட்டும்போது எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று விரலால் தடவிக் காட்டுகிறார், பிள்ளைகள் வெட்டுகிறார்கள். சேமிப்பு நோட்டுப் புத்தகம் அக்காவிடம் இருக்கிறது. பஸ் மறுபடி ஓடுகிறது. மாதா மாதம் முதல் வாரம் அவர் ஐந்து கிலோ அரிசி கொண்டுவந்து தகரத்தில் போட்டுவிட்டு, மூடியில் தேதி எழுதுகிறார். போன முறை நான் எழுதிய தேதி தப்பு என்று என்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார்.