பள்ளித் தேர்வு எண்களைப் படித்தறியும் முறை

ஊராட்சிக் கூட்டங்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் அண்மைக் காலமாக ஒரு தாள் கைமாறி வருகிறது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தமிழிலும் கணக்கிலும் நூற்றுக்கு எவ்வளவு பெற்றனர் என்பதைக் கூறும் தாள் அது. வாய்க்கால், சாலை, தெருவிளக்குக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய உறுப்பினர்களுக்கு இத்தாள் சிறிது மருட்சி தருவது இயல்பே. சாலையின் நீளம் 600 மீட்டர் என்றால் யார் அளந்தாலும் அது 600 மீட்டர்தான். பள்ளியின் எண் 50 என்றால், எதில் 50, எத்தனை பேரில் 50, யாரை விட்டுவிட்டு 50 என்று கேட்டாலன்றி அதன் பொருள் விளங்காது.

இதனை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. வட்டார வளர்ச்சி அலுவலன் என்ற முறையில் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். அவ்வூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், எதிர்பார்க்கப்பட்ட நிலையை எட்டிய குழந்தைகள் முந்திய ஆண்டில் நூற்றுக்கு 75. அவ்வாண்டில் நூற்றுக்கு 50. பக்கத்து ஊர்ப் பள்ளியில் 65. இம்மூன்று எண்களையும் ஒலிபெருக்கியில் படித்துவிட்டு, "பள்ளி ஓராண்டில் இவ்வளவு இறங்கியது ஏன் என்று ஊரார் கேட்க வேண்டும்" என்று கூறி அமர்ந்தேன். தலைமையாசிரியை ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஜூன் மாதத்தில், மூன்றாம் வகுப்புக்கு வரவிருந்த 9 குழந்தைகளுள் மூவர் பள்ளியை விட்டு விலகினர். மூவரும் நன்றாக வாசிக்கக் கூடியவர்கள். 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தனியார் பள்ளிக்கு வேனில் போகத் தொடங்கினர்.

அந்தக் கூட்டம் முடிந்து புறப்படும்போது ஒரு முதிய விவசாயி என்னிடம் வந்தார். "ஐயா, எங்கள் வயலில் நெல் முழுதும் சாவியாகப் போன ஆண்டில், ஊர்ச் சராசரி நன்றாக இருக்கிறது, ஆகையால் காப்பீட்டுத் தொகை கிடையாது என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் படித்த கணக்கும் அந்தச் சராசரி போலத்தானா?" என்று கேட்டார். அப்போது நான் தெளிவாக விடை சொல்லவில்லை. பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, என்னிடம் இருந்த புள்ளிவிவரத்தைக் காட்டிலும் அவருடைய கேள்வியில் கூடுதல் விஷயம் இருந்தது தெரிந்தது.

வயலும் சராசரியும்

பயிர் அறுவடைப் பரிசோதனையை விவசாயிகள் நன்கறிவர். குலுக்கல் முறையில் ஒரு புல எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட பகுதியை அளந்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தானியத்தை நிறுக்கின்றனர். 1940-களில் பி. வி. சுகாத்மே, மகாலநோபிஸ் முதலிய அறிஞர்கள் நம் நாட்டில் செப்பம் செய்த முறை இது. எல்லா வயல்களையும் அளவாமலே ஒரு பெரும் பரப்பின் விளைச்சலை இதனால் கூற இயலும். ஆனால் பரிசோதனைக்கு வராத ஒரு வயலில் எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்டால், அம்முறைக்கு விடை தெரியாது. பெரியவரின் குறையும் அதுவே.

பள்ளித் துறையிலும் இவ்வகை ஆய்வுகள் உண்டு. மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வு 2017-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாளிலும் நடந்தது. தேர்ந்தெடுத்த பள்ளிகளில், ஒரு வகுப்பில் 30 பேருக்கு மேற்படாமல் குழந்தைகளைத் தெரிவுசெய்து வினாத்தாள் அளித்தனர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் அதன் தொடர்ச்சியாக, 'பரக்' என்னும் மதிப்பீட்டு அமைப்பு 3, 6, 9 ஆகிய வகுப்புகளில் ஆய்வு நடத்தியது. இவை மாவட்டம், மாநிலம், நாடு ஆகியவற்றின் நிலையைக் கூறுவதற்காக ஏற்பட்டவை. மாவட்டத்தின் எண் தாழ்ந்திருப்பதைச் செய்தித்தாளில் கண்டு, நம் ஊர் ஆசிரியரைப் பார்த்து, "உங்கள் பள்ளி இப்படி ஆயிற்றே" என்று கூறுதல், ஊர்ச் சராசரியைக் காட்டி ஒருவரது வயலை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

அறுபத்து நான்கா, இருபத்து மூன்றா?

மேற்சொன்ன 2024-ஆம் ஆண்டு ஆய்வில், நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மொழிப் பாடத்தில் பெற்ற சராசரி நூற்றுக்கு 64. அதே 2024-இல் பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தார் 'அசர்' என்ற பெயரில் கிராமப்புறங்களில் நடத்திய கணக்கெடுப்பின்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு 23.4 பேர். இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் உறுப்பினர், ஏதோ ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று கருதுவார். ஓர் ஊராட்சித் தலைவர் என்னிடம் நேரிலேயே, "இதில் எந்த அரசாங்கக் கணக்கு மெய்?" என்று கேட்டார். (இரண்டாவது அரசாங்கக் கணக்கன்று என்பதை அவருக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது.)

இரண்டும் மெய்யாக இருக்கலாம். முதலாவது, கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த சரியான விடைகளின் அளவு. இரண்டாவது, ஒரு கோட்டைத் தாண்டிய குழந்தைகளின் அளவு. நூறு பேர் நீந்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒவ்வொருவரும் கிணற்றின் அகலத்தில் நூற்றுக்கு 64 பங்கு நீந்தினர் என்பது ஒரு செய்தி. அக்கரையைத் தொட்டவர்கள் 23 பேர் என்பது வேறொரு செய்தி.

அன்றியும் அளந்த விதமும் வேறு. பரக் ஆய்வு பள்ளியில், அன்று வந்திருந்த குழந்தைகளிடம், விடைகளைக் கொடுத்துச் சரியானதைத் தெரிவுசெய்யச் சொல்லும் முறையில் நடப்பது. நகரம், கிராமம், அரசு, தனியார் எல்லாம் அதில் அடங்கும். அசர் கணக்கெடுப்பினர் ஒரு மாவட்டத்தில் 30 கிராமங்கள், ஒரு கிராமத்தில் 20 வீடுகள் எனத் தெரிவுசெய்து, வீட்டுக்கே சென்று, குழந்தையை ஒவ்வொருவராக வாய்விட்டு வாசிக்கச் செய்கின்றனர். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை எனப் படிப்படியாகப் பார்க்கின்றனர். அன்று பள்ளிக்குப் போகாத குழந்தையும் இங்கே கணக்கில் வந்துவிடுகிறது. ஆகவே இவ்விரு எண்களையும் எதிரெதிராக நிறுத்தலாகாது. ஒவ்வொன்றையும் அதன் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அசர் கணக்கில் அதே அளவு 2018-இல் 20.9 ஆகவும், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின் 2022-இல் 16.3 ஆகவும் இருந்தது. அதன் பின்னரே 23.4 என உயர்ந்தது. இவ்வேற்ற இறக்கம் நமக்கு ஒன்றைத் தெரிவிக்கிறது. 64-க்கும் 23-க்கும் உள்ள இடைவெளி ஒன்றையும் தெரிவிப்பதில்லை.

2021-ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்றாம் வகுப்பு மொழிப் பாடத்துக்கு 500-க்கு 323 என்று காணப்படும். அதனை வகுத்து நூற்றுக்கு 65 என்று எழுதிக்கொள்வதும் பிழை. கடினமான வினாவுக்கும் எளிய வினாவுக்கும் வேறுபாடு கருதி, வெவ்வேறு வினாத்தாள்களை ஒரே கோலில் நிறுத்துவதற்காக அமைத்த அளவு அது. மரக்கால் அளவையும் கிலோ அளவையும் கூட்டிக் கழிப்பதில்லை அல்லவா?

சிறு வகுப்பின் கணக்கு

மாநில அளவிலும் வட்டார அளவிலும் எல்லாப் பள்ளிகளுக்கும் நடத்தும் தேர்வுகளில் பள்ளிக்கென்றே தனி எண் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு அத்தகைய அடைவுத் தேர்வு நடந்தது. இங்கே வேறொரு இடர் உண்டு. நம் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்புகள் மிகச் சிறியவை.

நான் ஒலிபெருக்கியில் படித்த எண்களை எடுத்துக்கொள்வோம். முந்திய ஆண்டில் மூன்றாம் வகுப்பில் 8 குழந்தைகள். நிலையை எட்டியவர் 6. ஆகவே நூற்றுக்கு 75. அவ்வாண்டில் 10 குழந்தைகள், எட்டியவர் 5, நூற்றுக்கு 50. இருபத்தைந்து புள்ளி இறங்கியதாக நான் முழங்கியது, தலைகளை எண்ணினால் ஒரே ஒரு குழந்தையின் குறைவுதான்! பக்கத்து ஊர்ப் பள்ளியில் 40 குழந்தைகளில் 26 பேர் எட்டியிருந்தனர். அங்கே ஒரு குழந்தை கூடினாலும் குறைந்தாலும் எண் இரண்டரை மாறும். இங்கே ஒரு குழந்தைக்குப் பத்து மாறும். பத்துப் பேர் கொண்ட வகுப்பில் ஒரு குழந்தைக்கு அன்று காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல் வந்தது போலத் தாளில் தோன்றும்.

அந்தப் பத்துப் பேரில் இருவர் செங்கற்சூளை வேலைக்கு வந்த குடும்பத்தினர். தை மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள். அதற்கு முன் எந்தப் பள்ளியில் எத்தனை நாள் இருந்தனர் என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. அவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்களும் நம் பொறுப்பே. ஆனால் ஐந்து வாரம் கற்பித்த ஆசிரியையை மூன்றாண்டுக் குறைவுக்கு விடை கூறச் சொல்வது முறையாகாது.

இதற்கு நேர்மாறான வழுவும் உண்டு. பதிவேட்டில் 12 பேர், தேர்வு நாளில் வந்தவர் 9, எட்டியவர் 6. வந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்கு 67. எல்லோரையும் கொண்டு கணக்கிட்டால் 50. வராத மூவர் யாவர் என்று கேட்க வேண்டும். எண் தாழ்ந்தால் மேடையில் ஏச்சு விழும் என்று தெரிந்தால், சில குழந்தைகளை அன்று வரவேண்டாம் என்று கூறவும், விடையைக் காதோடு சொல்லவும் ஆசை பிறக்கும். அப்படிப் பிறப்பதற்கு என்னைப் போன்ற அலுவலர்களே பெரிதும் காரணம். அதன் பின் அந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது.

இன்னொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். ஒரு வினாவுக்கு நான்கு விடைகள் தந்து ஒன்றைக் குறிக்கச் சொல்லும் தேர்வில், ஏதுமறியாத குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 20 வினாவில் சராசரியாக 5 சரியாகிவிடும். அதாவது 25 என்பது அங்கே ஏறத்தாழச் சுழி. 30 எடுத்த பள்ளி "கொஞ்சமாவது தெரிந்திருக்கிறது" என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. வட்டாரத்தில் முதலிடம் என்ற பெருமையையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். எல்லாப் பள்ளிகளும் 30-ஐ ஒட்டி நிற்கையில் 34 பெற்றது முதலாவதாக வரும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு

உறுப்பினர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது. சதவீதத்தைத் தள்ளிவிட்டுத் தலைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அடுத்து, எந்தத் திறனில் தடுக்கிறது என்று கேட்க வேண்டும். கணக்கில் 45 என்றால் ஒன்றும் செய்ய இயலாது. கடன் வாங்கிக் கழித்தலில் பத்தில் எட்டுப் பேர் தவறுகின்றனர் என்றால் ஆசிரியர் மறுநாளே தொடங்கலாம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் மாநிலத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. மூன்று மாதத்துக்கு முன் அரும்பில் இருந்தவருள் எத்தனை பேர் மொட்டுக்கு வந்தனர் என்று கேட்பது, ஆண்டுக்கொரு முறை வரும் எந்தத் தாளைவிடவும் பயன் தரும். ஒரே குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதால், போன ஆண்டு வகுப்பையும் இவ்வாண்டு வகுப்பையும் ஒப்பிடும் குழப்பமும் இதில் இல்லை.

குழந்தைகளின் பெயர்களைக் கிராம சபையில் படிக்கலாகாது. அவை ஆசிரியரும் பெற்றோரும் மேலாண்மைக் குழுவும் அறிந்தால் போதும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே.

பெரியவரின் கேள்விக்குப் பின் நான் அப்பள்ளிக்குச் சென்று, நிலையை எட்டாத ஐந்து பேரைப் பற்றித் தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் பதிவேட்டைப் பார்க்காமலே கூறினார். இருவர் சூளைக் குழந்தைகள். மூன்றாவது ஒரு பெண் குழந்தை. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்று 40 நாள் இழந்தவள். நான்காவது சிறுவன் எழுத்துகளை அறிவான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வரும் இடத்தில் நின்றுவிடுவான். ஐந்தாவது சிறுவனை என் முன்னே வாசிக்கச் செய்தார். கதை முழுவதையும் தடையின்றி வாசித்தான். விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கும் முறை புரியாமல், ஒரு வரி தள்ளித் தள்ளி நிரப்பிவிட்டானாம்.

அவனையும் சேர்த்தால் வாசிக்கக் கூடியவர் ஆறு பேர். சென்ற ஆண்டிலும் ஆறு பேர்.

கைக்குழந்தையை அங்கன்வாடியில் விடுவது பற்றி வார்டு உறுப்பினர் அப்பெண்ணின் தாயாரிடம் பேசினார். அவள் இப்போது ஒழுங்காக வருகிறாள். சூளைக் குழந்தைகள் வைகாசியில் ஊர் திரும்பியபோது, அவர்கள் எந்த நிலை வரை வந்துள்ளனர் என்று ஆசிரியை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தனுப்பினார். விலகிப் போன மூவரும் திரும்பவில்லை. அவர்கள் இருந்திருந்தால் அடுத்த மூன்றாம் வகுப்பின் 9 பேரில் 6 பேர் வாசிப்பவர்களாக இருந்திருப்பர். இப்போது 6 பேரில் 3 பேர். தாளில் அது 67-இலிருந்து 50 ஆக இறங்கியது போலக் காணும்.