யானைச்செவிச் செடிகள்: இனங்காணலும் பரவலும்



மொன்ட்ரியால்-நோரில் கோடைகாலத்தில் சில வீடுகளின் முன்றிலிலே, பூஞ்செடிகளின் நடுவே, சுளகளவு இலை விரித்து நிற்கும் செடியொன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சு மொழியில் அதனை 'ஓரெய் டெலெஃபான்', அதாவது யானைச்செவி என்பர். நம்மூர்க் கிணற்றடியிலே, கழிவுநீர் பாயும் வாய்க்காலோரம் தழைத்து நின்ற சேம்பும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

அகதியாக இந்நாட்டுக்கு வந்த முதலாண்டில் இச்செடியைக் கண்டதும் ஊரையே கண்டாற்போல் மகிழ்ந்தேன். இலையுதிர்காலத்தில் அதனை அகழ்ந்தெடுத்த அயலவரிடம் ஒரு கிழங்கைக் கேட்டுப் பெற்றுச் சமைத்தேன். ஒரு கவளம் உண்டதும் நாவும் தொண்டையும் ஊசி தைத்தாற்போல் எரிந்தன, உதடுகள் தடித்தன. இரண்டு நாள்கள் கஞ்சியே உணவாயிற்று. நான் உண்டது சேம்பன்று. அழகுக்காக வளர்க்கப்படும் அலகேசியா. ஊரிலே தாவரவியல் கற்பித்த நான், பெயரையும் பருமனையும் நம்பி, இலைக்காம்பைப் பார்க்க மறந்தேன். அப்பிழையே இப்பாடத்தின் தோற்றுவாய்.

1. இனங்காணும் முறை

யானைச்செவி என்பது ஒரு தனிச் செடியின் பெயரன்று. அராசியே குடும்பத்தின் பல சாதிகளுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் மூன்றினை அறிந்திருத்தல் நன்று.

(அ) கொலகேசியா: இதுவே நமது சேம்பு. இலைக்காம்பு இலையின் பிளவிலே பொருந்தாது, அதற்குச் சற்று உள்ளே, இலையின் கீழ்ப்பரப்பிற் பொருந்தும். இலையின் நுனி நிலத்தை நோக்கித் தொங்கும். மேற்பரப்பு பளபளப்பற்றது; நீர் அதில் ஒட்டாது முத்துப்போல் உருண்டோடும்.

(ஆ) அலகேசியா: பெரும்பாலும் இலைநுனி மேல்நோக்கி நிற்கும். இலை தடித்துப் பளபளப்பாயிருக்கும். முதிர்ந்த செடியிற் காம்பு பிளவின் அருகே பொருந்தும். சில இனங்கள் இதற்கு விலக்கு. சிங்களத்தில் 'ஹபரல' எனப்படுவது இச்சாதியினதே.

(இ) சாந்தோசோமா: அம்புத்தலை வடிவ இலை. காம்பு சரியாகப் பிளவிலேயே பொருந்தும். இலங்கையில் 'கிரிஅல' என்பதும், நம் அயலவரான ஹெயிற்றி மக்கள் 'மலாங்கா' என்பதும் இதுவே. அவர்கள் அதனைத் துருவி 'அக்ரா' என்னும் பொரியல் செய்வர். இது அமெரிக்க வெப்பவலயத்துக்குரியது, சேம்போ ஆசியாவுக்குரியது.

இவற்றின் திசுக்களிற் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் ஊசிவடிவில் உள்ளன. நாவரிப்புக்குக் காரணம் இவையே. உண்ணும் சேம்பையும் நன்கு வேகவைத்தே உண்ணல் வேண்டும். அலங்காரச் செடியை எவ்வகையிலும் உண்ணலாகாது.

2. பரவும் முறை

சேம்பு பூப்பதுண்டு, ஆயினும் பயிரிடப்படும் சேம்பு விதையால் பெருகுவது அரிது. தாய்க்கிழங்கைச் சூழப் பக்கக்கிழங்குகள் தோன்றும். சில வகைகள் ஓடிகளை நீட்டி, தொலைவில் வேரூன்றிப் புதுச்செடியாகும். இது பதியமுறை இனப்பெருக்கம். கிழங்கின் துண்டொன்று வெள்ளத்தில் அடிபட்டுச் சென்றாலும் ஒதுங்கிய கரையில் முளைக்கும்.

எனினும் கடல் கடந்து அதனைக் கொண்டுசென்றவன் மனிதனே. பொலினீசியர் தம் படகுகளில் அதனை ஹவாய்த் தீவுகள் வரை கொண்டுசென்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் உருளைக்கிழங்குக்கு மாற்றுப்பயிராக அதனைத் தென்மாநிலங்களில் ஊக்குவித்தது. தோட்டத்தைவிட்டு நழுவிய செடி இன்று புளோரிடாவின் நீர்க்கரைகளில் அடர்ந்து, அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்கி ஒதுக்குகின்றது.

பதியமுறைக்கு ஒரு குறையுண்டு. தாயும் பிள்ளையும் ஒரே தன்மையின. 1993இல் சமோவாத் தீவுகளில் இலைக்கருகல் நோய் பரவியபோது, பெரும்பாலும் ஒரே வகைச் சேம்பையே நட்டிருந்தமையால் பயிர் பெருமளவில் அழிந்தது, ஏற்றுமதியும் வீழ்ந்தது. பிறநாட்டு வகைகளோடு கலப்புச்செய்து, விதைவழியே நோயைத் தாங்கும் புதுவகைகளைப் பெற்ற பின்னரே பயிர் மீண்டெழுந்தது.

3. ஒரு மாணவியின் வினா

இப்பாடத்தை வகுப்பில் நடத்தியபோது ஒரு சிறுமி எழுந்து, "சேர், வெளியிலிருந்து வந்து பரவும் செடி கெட்டதென்றால், நாங்களும் அப்படித்தானா?" என வினவினாள். வகுப்பு அமைதியாயிற்று.

நான் கூறிய விடை இது: வெளியிலிருந்து வந்தமையால் மட்டும் எச்செடியும் தீயதாகாது. கியூபெக்கில் விளையும் கோதுமையும் தோட்டத்து அப்பிளும் வெளியிலிருந்து வந்தவையே. பிற உயிர்களுக்கு இடமின்றிச் செய்வதையே ஆக்கிரமிப்பு என்கிறோம். அதிலும் செடிக்குக் குற்றமில்லை. ஆய்ந்து பாராது கொண்டுவந்து விட்டவர்மீதே பொறுப்பு. செடியை அளக்கும் கோலால் மனிதரை அளத்தல் தகாது.

மேலும் ஒன்றுண்டு. மொன்ட்ரியாலின் பனிக்காலத்தை இச்செடி தாங்காது. முதற் பனியில் இலை கருகியதும் கிழங்கை அகழ்ந்து, ஈரம் உலர்த்தி, குளிர்ந்து உலர்ந்த நிலவறையில் உறையாது காக்க வேண்டும். இளவேனிலில் வீட்டினுள்ளே சாடியில் நட்டு, உறைபனி அச்சம் நீங்கிய பின் தோட்டத்துக்கு மாற்ற வேண்டும். ஓராண்டு மறந்தால் அது இராது. புளோரிடாவில் தடுத்தாலும் பரவும் செடி, இங்கே காப்பாரின்றேல் அழியும்.

சனிக்கிழமை காலையில், பனியிலும் உங்களைக் கைப்பிடித்து அழைத்துவரும் பெற்றோர் செய்வதும் இக்காப்புவேலையே. தமிழ் இந்நகரில் தானாகப் பரவாது. ஆண்டுதோறும் எடுத்து வைத்து, ஆண்டுதோறும் நட வேண்டும்.

பயிற்சி

1. சேம்பு, அலகேசியா ஆகியவற்றின் இலைக்காம்பு பொருந்தும் இடங்களைப் படம் வரைந்து காட்டுக.

2. சமோவாவில் நோய் விரைந்து அழிவு செய்ததற்குக் காரணம் யாது?

3. உங்கள் பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் ஊரில் வளர்ந்த கிழங்குகளின் பெயர்களைக் கேட்டு எழுதுக.