மலைப்பாதையும் மென்பொருள் கணக்கும்

ஒரு நிறுவனத்தின் காரியமாகத் தமது சொந்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிவரும் சிப்பந்தி, மாதம் முழுவதும் கைப்பணத்தைப் பெட்ரோல் பங்கில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதத்தின் நடுவிலாவது அது திரும்பி வருமா என்று காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்பை நிர்வாகத்தின் பாஷையில் ‘பயணப்படி நிலுவை’ என்று சொல்லலாம். நியாயத்தின் பாஷையில் சொன்னால், சம்பளம் வாங்குகிறவர் சம்பளம் கொடுக்கிறவருக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கும் கடன் அது. மருந்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில், மெடிக்கல் ரெப்புகளின் பயணப்படி பில்களைச் சரிபார்த்து அனுப்பும் உத்தியோகத்தில் பல வருஷங்கள் இருந்தவன் நான். காகித பில் மெல்ல மறைந்து, கைப்பேசியே தூரத்தை அளந்து தொகையையும் கணக்கிட்டுவிடும் மென்பொருள்கள் வந்திருக்கும் இந்நாளில், எதை வாங்கலாம் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் முன்கூட்டியே உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பரிசீலிப்பதே முதற்காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை: செயற்கைக்கோள் அளந்த தூரத்தில் பிழை இருக்காது.

விற்பனைக்கு வருகிறவர்களின் பேச்சில் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. எனக்கும் அது ஒரு காலத்தில் இருந்தது. அதைக் கலைத்தது கொல்லிமலை. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட எங்கள் பிரதிநிதி ஒருவர், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி சேர்ந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டுக்குப் போய்த் திரும்பினார். வண்டியின் மீட்டர் 116 கிலோமீட்டர் என்றது. நாங்கள் அப்போது புதிதாக வாங்கியிருந்த மென்பொருளோ 93 என்று சொல்லி, அதற்குரிய பணத்தையே கணக்கிட்டது. மேலாளருக்கு மீட்டரின்மேல் சந்தேகம். அந்தப் பிள்ளை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “சார், வண்டியை ஆபீஸ் வாசல்லதான் நிறுத்தியிருக்கேன், நீங்களே வந்து மீட்டரைப் பாருங்க” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. அந்த மென்பொருள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வண்டி இருக்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே நேர்கோடு இழுத்து, அந்தக் கோடுகளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. சமவெளியின் நெடுஞ்சாலையில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறும் வண்டி, ஐந்து நிமிஷத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும்; அதற்குள் நாலைந்து வளைவுகளில் திரும்பித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே வந்து நின்றால், நேர்கோட்டுக் கணக்கில் அது சில நூறு மீட்டர் மட்டுமே. ஆக, செயற்கைக்கோளின்மேல் குற்றமில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே நடந்ததை மென்பொருள் எப்படி ஊகிக்கிறது என்பதிலேதான் குற்றம். ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எத்தனை வினாடிக்கு ஒரு முறை புள்ளி எடுக்கிறது? எடுத்த புள்ளிகளை வரைபடத்திலுள்ள சாலையோடு பொருத்திப் பார்க்கிறதா, இல்லையா?

பிழை எதிர்த்திசையிலும் வரும். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கையில், கைப்பேசி காட்டும் இடம் சுவர்களுக்கு நடுவே சில மீட்டர்கள் இங்குமங்கும் அலையும். அந்த அலைச்சலையெல்லாம் பிரயாணமாக எண்ணிக் கூட்டுகிற மென்பொருளும் உண்டு. இன்னொன்று: 2015இல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதற்கொண்டு, சார்ஜைச் சேமிக்கும் பொருட்டு, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கைப்பேசியே அடக்கி வைக்கிறது, சில தயாரிப்பாளர்களின் கைப்பேசிகளில் இந்த அடக்குமுறை இன்னும் கடுமை. பையில் கிடந்த கைப்பேசி நடுவழியில் அளப்பதை நிறுத்திக்கொண்டால், அதற்கு ரெப் என்ன செய்வார்?

இதோடு சேர்ந்த ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். மலைமேல் டவர் இல்லையென்றால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பார்கள். செயற்கைக்கோளின் சமிக்ஞையை வாங்குவதற்கு மொபைல் டவர் அவசியமில்லை. கணக்கை அனுப்புவதற்குத்தான் அவசியம். டவர் இல்லாத இடத்தில் புள்ளிகளைக் கைப்பேசிக்குள்ளேயே சேமித்து வைத்து, கீழே இறங்கிய பிறகு அனுப்பிவைப்பது நல்ல மென்பொருளின் லட்சணம்.

நம்பிக்கை: மென்பொருள் வந்துவிட்டால் பழைய ஃபேர் சார்ட் தேவையில்லை.

மருந்து வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஃபேர் சார்ட்டை நான் விளக்க வேண்டியதில்லை: தலைமையிடத்திலிருந்து எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், எது அன்றே திரும்பிவரும் எக்ஸ்-ஸ்டேஷன், எது இரவு தங்க வேண்டிய அவுட்-ஸ்டேஷன் என்று நிர்ணயித்து வைத்திருக்கும் பட்டியல் அது. அந்தப் பட்டியலில் ஊருக்குள் சுற்றுகிற தூரமும் மூடிய ரயில்வே கேட்டால் சுற்றிப் போகிற தூரமும் இராது என்பது மெய்தான். ஆனால் மலைப்பாதையின் மெய்யான நீளம் அதில் இருந்தது. பட்டியல், மீட்டரின் காலை மாலைப் புகைப்படங்கள், கைப்பேசியின் அளவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, மூன்றும் முரண்படும்போது மாத்திரம் மனிதனைக் கூப்பிடுகிற மென்பொருளையே நான் விரும்புவேன்.

நம்பிக்கை: கிலோமீட்டருக்கு உரிய தொகை என்பது பெட்ரோலின் கிரயம்தான்.

கணக்குத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். உதாரணமாக, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் விலையை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், கிலோமீட்டருக்கு ரூ. 2.22 ஆகிறது. 90,000 ரூபாய்க்கு வாங்கி 75,000 கிலோமீட்டர் ஓடிய பின் 30,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம் 80 காசு. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் சர்வீஸும் 1,200 ரூபாய் என்றால் 40 காசு. நாலாயிரம் ரூபாய் டயர் ஜோடி 30,000 கிலோமீட்டர் உழைத்தால் 13 காசு. வருஷத்தில் 18,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 2,500 ரூபாய் இன்ஷூரன்ஸ் 14 காசு. கூட்டினால் ரூ. 3.69. பெட்ரோலை மட்டும் கொடுக்கிற நிர்வாகம், மீதி ஒன்றரை ரூபாய்க்குச் சிறிது குறைந்த தொகையை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சிப்பந்தியின் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வண்டியை மாற்றும் வருஷத்தில்தான் அது அவருக்கே தெரியவரும்.

இன்ஷூரன்ஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது; பெட்ரோல் ஓடினால்தான். ஆதலால் மாதத்துக்கு ஒரு நிலையான தொகையும் கிலோமீட்டருக்கு ஒரு விகிதமுமாகப் பிரித்துத் தரும் முறை அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கிறது. நாம் வாங்கும் மென்பொருள் அதற்கும் இடங்கொடுக்க வேண்டும். மேலும், 2017 ஜூன் 16 முதல் நம் நாட்டில் பெட்ரோல் விலையைத் தினந்தோறும் திருத்தும் முறை அமலில் இருக்கிறது. மார்ச்சில் ஓடிய வண்டிக்கு ஏப்ரலில் பில் போட்டால், எந்த மாதத்து விகிதம் விழுகிறது என்பதை ஒரு பில் போட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். விகிதத்தை மாற்றியவுடன் பழைய பில்களின் தொகையும் மாறிப்போகிற விபரீதத்தை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

நம்பிக்கை: வெளிநாட்டில் பெயர் வாங்கியது இங்கேயும் சரியாக இருக்கும்.

அமெரிக்க வருமான வரித் துறை ஆண்டுதோறும் மைலுக்கு இவ்வளவு என்று ஒரு விகிதத்தை வெளியிடுகிறது. 2025க்கு அது 70 சென்ட். அங்கே எழுதப்பட்ட மென்பொருள்கள் பல, அந்த ஒற்றை விகிதத்தை அச்சாணியாகக் கொண்டு சுழல்பவை. நம் வரிச் சட்டத்திலோ உத்தியோக நிமித்தமான போக்குவரத்துப் படிக்கு, மெய்யாகச் செலவான அளவுக்கே விலக்கு என்பதுதான் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(14) பிரிவு வகுத்த நெறி. ‘செலவு மீட்பு’ என்று பெயர் சூட்டிவிட்டால் எல்லாத் தொகைக்கும் வரி விலக்கு உண்டு என்று நினைப்பதும் பிழை. வீட்டிலிருந்து காரியாலயத்துக்கு வருவது உத்தியோகப் பிரயாணம் ஆகாது. அதற்கென்று மாதம் 1,600 ரூபாய் வரை பொதுவாக இருந்த விலக்கும் 2018-19 நிதியாண்டிலிருந்து போய்விட்டது. ஆகவே இவ்விரண்டு பிரயாணங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் வசதி வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்வதால், படிவங்களில் பழைய பிரிவு எண்களையே அச்சிட்டுக்கொண்டிருக்கும் மென்பொருளையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கண்காணித்தால்தான் களவு ஒழியும்.

பொய்யான இடத்தைக் காட்டும்படி கைப்பேசியை ஏமாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. களவு செய்யத் துணிந்தவருக்கு ஜி.பி.எஸ். ஒரு தடையன்று. என் மேஜையைக் கடந்துபோன பில்களில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை கூட்டல் பிழைகளும் மறதியுமே என்பதை மனமாரச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது பயணப்படிக் கணக்குக்கு எதற்கு? இன்ன நோக்கத்துக்கு என்று திரட்டிய தகவல் அந்த நோக்கத்தோடு நிற்க வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து. பிரயாணத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் சிப்பந்தியின் கையில் இருக்கிற மென்பொருளை வாங்குங்கள். அவரைத் தூங்கும்போதும் பின்தொடர்கிறதை வாங்காதீர்கள்.

நம்பிக்கை: விற்பவர் காட்டும் ஒத்திகையைப் பார்த்தால் போதும்.

குளிர்சாதன அறையில் திரையில் ஓடும் ஒத்திகையில், கோட்டுச் சித்திரமாக ஒரு கார் நேரான சாலையில் போகும். அதைப் பார்த்து முடிவு செய்யாமல், மிகக் கடினமான பாதையில் ஓடுகிற ரெப்பின் கையில், மாதத்தின் கடைசி வாரத்தில், பில்கள் குவியும் நேரத்தில் அதைக் கொடுத்துப் பாருங்கள். ஒப்புதலுக்கு அனுப்பிய தேதியையும் வங்கியில் பணம் விழுந்த தேதியையும் அவரையே ஒரு தாளில் எழுதிவரச் சொல்லுங்கள்.

நாங்கள் இரண்டாவதாகத் தேர்ந்த மென்பொருளை அந்த நாமக்கல் பிள்ளையிடமே முதலில் கொடுத்தோம். பத்து வினாடிக்கு ஒரு முறை புள்ளி எடுத்துச் சாலையோடு பொருத்திப் பார்க்கும் அந்த மென்பொருள், அதே செம்மேட்டுப் பிரயாணத்துக்கு 114 கிலோமீட்டர் என்றது, மீட்டரில் 116. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குள் கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்று அவர் சொன்னார். அது நிறுவனத்தின் காரியமாகத் தீர்ந்த சார்ஜ்தானே என்று எழுதி, ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தேன். அதன் ரசீதையும் செம்மேட்டுப் பில்லோடு சேர்த்தே அவர் ஏற்றினார். ஒன்பதாம் நாள் இரண்டுக்கும் பணம் வந்துவிட்டது.